மாண்புமிகு மோடஸ்ட் பேசிய சாவுகள்

அடுத்த அறையில் ஆர்கன் இசை தொடங்கியது.

கார்லைல் மோடஸ்ட் ஒரு கன்னத்தில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். சவரக் கத்தி தாடைக்கு ஒரு விரற்கடை தள்ளிக் காற்றில் நின்றது. காலை ஏழு, மதியம் பன்னிரண்டரை, மாலை ஆறு என்று நாளுக்கு மூன்று முறை எங்கள் தீவில் அந்த இசை ஒலிக்கும். ஒலித்தால் சந்தையில் மீன் வெட்டுகிறவள் கத்தியைக் கீழே வைப்பாள். பஸ் டிரைவர் பாட்டை நிறுத்துவான். யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை வானொலி சொல்லப் போகிறது என்று அர்த்தம்.

“மிஸ் ஒடெட்! சத்தத்தைக் கூட்டு!”

“கூட்டியாச்சு சீஃப். நீங்க குழாயை மூடுங்க. அதுதான் இரைச்சல்.”

மோடஸ்டுக்கு வீடும் அலுவலகமும் ஒன்றுதான். முன்னறையில் வக்கீல் தொழில், பின்னறையில் வாழ்க்கை. முப்பது வருடமாக அவரிடம் டைப்பிஸ்டாக இருக்கும் ஒடெட் ஃப்ளெட்சர், ஒன்பது மணி வேலைக்கு ஆறரைக்கே வந்துவிடுவாள். சாவுப் பட்டியல் எழுதத்தான். அவள் எழுதாமல் விட்டால் ஏதாவது ஒரு சவப்பெட்டி மாண்புமிகு மோடஸ்ட் இல்லாமலே கல்லறைக்குப் போய்விடும். இத்தனை வருடத்தில் அந்தக் கொடுமை இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் அடுத்து வந்த தேர்தலில் அவர் தோற்றார்.

வானொலிப் பெண் தொண்டையைச் செருமினாள்.

“செயின்ட் ஆல்பன் வட்டாரம் லா ஃபோர்ஸ் கிராமத்தைச் சேர்ந்த அலோய்சியஸ் பெல்மார், பிரஷர் என்று எல்லோராலும் அறியப்பட்டவர், தமது எண்பத்து நான்காவது வயதில் காலமானார் என்பதை வருத்தத்துடன் அறிவிக்கிறோம்.”

“ஐயோ, பிரஷர்!” என்றார் மோடஸ்ட். அவர் கண் கலங்கியது. கூடவே மனம் கணக்குப் போட்டது. லா ஃபோர்ஸ் கிராமத்தில் நூற்றி அறுபது ஓட்டு. அதில் பெல்மார் குடும்பத்தில் பிறக்காதவர்கள் எல்லோரும் பெல்மார் குடும்பத்தில் கல்யாணம் செய்தவர்கள். தேர்தலுக்குப் பத்தொன்பது நாள். சென்ற முறை அவர் ஜெயித்தது ஒன்பது ஓட்டில்.

மனைவி பெர்பெச்சுவா, பிள்ளைகள் ஆறு பேர், டொரன்டோவிலும் புரூக்ளினிலும் லண்டனிலும் உள்ள பேரப்பிள்ளைகள் என்று பட்டியல் நீண்டது. பிறகு நண்பர்கள் வந்தார்கள். பங்குச் சாமியார், தபால் வண்டி ஓட்டுகிற கிரெகரி, ‘நோ பிரேக்ஸ்’ பஸ்ஸின் உரிமையாளர், லா ஃபோர்ஸ் டொமினோ கழகத்தார் அனைவரும். அதற்குப் பிறகு, “பல் மருத்துவர் டாக்டர் ஜெர்வான் நோயல்...”

மோடஸ்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த பெயர் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

“...மற்றும் பெயர் சொல்லி முடியாத பலர்.”

ஆர்கன் இசை. அடுத்த சாவு.

கத்தி தாடையில் இறங்கிவிட்டது. வெள்ளை நுரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அவருக்கு அது தெரியவே இல்லை.

ஒடெட் கையில் பென்சிலோடு வாசலில் வந்து நின்றாள். “சீஃப், தபால் வண்டிக்காரன் பேர்கூட வந்துச்சு.”

“கேட்டுது.”

“உங்க பேரு வரல.”

“அதுவும் கேட்டுது, ஒடெட்.”

எங்கள் தீவில் ஒரு மனிதனின் மதிப்பை அளக்க அந்தப் பட்டியல் போதும். நீங்கள் மந்திரியாக இருக்கலாம், நீதிபதியாக இருக்கலாம். உங்களைத் தெரிந்தவர் சாகும்போது உங்கள் பெயர் வானொலியில் வரவில்லை என்றால் அந்தக் குடும்பம் உங்களை உயிரோடு அடக்கம் செய்துவிட்டது என்று பொருள். அதுவும் இந்தப் பல் மருத்துவர் நோயலைப் போலத் தேர்தலில் உங்களை எதிர்த்து நிற்கிறவன் பெயர் வந்து உங்கள் பெயர் வராமல் போனால், அந்தக் கிராமத்துப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போகவே வேண்டாம்.

யார் இந்தக் கார்லைல் மோடஸ்ட்? துறைமுகத்தில் பொரித்த ரொட்டியும் உப்புக்கருவாடும் விற்ற ஒருத்தியின் ஒரே மகன். எண்ணெய்ப் புகையில் கண் எரிய எரிய அவள் அவனைப் படிக்கவைத்தாள். அரசாங்கச் செலவில் அவன் லண்டனுக்குக் கப்பலேறி, கறுப்புக் கோட்டோடு திரும்பி வந்தான். அவன் இறங்கிய அன்று அந்தத் தாய் துறைமுகக் கல்லில் முழந்தாளிட்டு அழுத காட்சியை இன்றும் சொல்லிச் சொல்லி அழுகிறவர்கள் உண்டு.

வக்கீலாக அவருடைய முதல் வழக்கு ஒரு ஆடு. தோற்றார். ஆட்டுக்காரர் மேல்முறையீடு செய்தார். அதற்குள் ஆடு வயதாகிச் செத்தது. அதன்பிறகு அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்: வழக்கை நடத்தினால்தான் தோற்க முடியும். அன்றிலிருந்து எல்லா வழக்குக்கும் வாய்தா வாங்கினார். வாய்தா வாங்குவதில் அவரை வெல்ல அந்த நீதிமன்றத்தில் ஆளே கிடையாது.

ஆனால் ஒரு சவப்பெட்டியின் தலைமாட்டில் நிற்கவைத்துப் பாருங்கள்! தலைமையாசிரியர் நோயல் செத்தபோதுதான் அது ஊருக்குத் தெரிந்தது. பேச ஆளில்லாமல், வக்கீல்தானே என்று மோடஸ்டைக் கூப்பிட்டார்கள். அவர் பேசினார். பங்குக் கோவிலே அழுதது. பேசி முடித்ததும், கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்து, “என் சொற்களை உங்களோடு அனுப்புகிறேன், ஐயா” என்று சவப்பெட்டிக்குள் வைத்தார். இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அடுத்த வருடம் அவர் எம்.பி. ஆனார்.

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை கல்லறைகளின் வழியாகத்தான் போயிற்று. ஆயிரத்து நானூறு சாவுகள். மீன்வளத்துறை மந்திரியாகப் பதினொரு மாதம் இருந்து ஒரே படகுத்துறைக்கு மூன்று முறை அடிக்கல் நாட்டியதுகூட இடையில் நடந்த சிறு சம்பவம்தான். அந்த மூன்று கல்லிலும் இப்போது ஆடு கட்டுகிறார்கள். எல்லாச் சாவுக்கும் ஒரே பேச்சு. “இவர் நம் மண்ணின் ஜாதிக்காய் மரம். நிழலும் தந்தார், வாசமும் தந்தார்.” ஜாதிக்காய் திருடியே வாழ்ந்த லம்பர்ட்டுக்கும் அதையேதான் சொன்னார். திருட்டுக் கொடுத்தவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். கடைசியில் காகிதம் நான்காக மடியும், பெட்டிக்குள் போகும். அதைப் பார்க்கவே பக்கத்து வட்டாரத்திலிருந்து பஸ் வரும்.

அவர் மனைவி மட்டும் அதில் மயங்கவில்லை. “நான் செத்தாத்தான் நீ என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசுவே, கார்லைல். அதுவரைக்கும் காத்திருக்க எனக்கு முடியல” என்று சொல்லிவிட்டு டொரன்டோவுக்குப் போய்விட்டாள்.

பிரஷரின் அறிவிப்பு வந்த அன்று பத்து மணிக்கெல்லாம் மோடஸ்ட், தாடையில் பிளாஸ்திரியோடும் கறுப்புக் கோட்டோடும் லா ஃபோர்ஸ் மேட்டில் ஏறினார்.

பெல்மார் வீட்டு முற்றத்தில் டொமினோ கழகம் மேசையைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. இறந்தவரின் நாற்காலியைக் காலியாக விட்டு, அதன் முன்னால் ஒரு கிளாஸ் ரம் வைத்திருந்தார்கள்.

“ஏ, வக்கீல் கவுன்சல் வந்துட்டாரு! இதுக்கும் வாய்தா வாங்கவா?” என்றான் கிரெகரி. மேசை முழுக்கச் சிரித்தது.

மோடஸ்ட் சிரிக்காமல் உள்ளே போனார். பிரஷரின் மனைவி மா பெல்மார் அடுப்படியில் சீமைப்பலாவைச் சீவிக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது வயது. அழுது முடித்த முகம். அவர் தொப்பியைக் கழற்றினார்.

“மா... நம்ம மண்ணோட ஜாதிக்காய் மரம் ஒண்ணு...”

“உக்காரு கார்லைல். அதை லம்பர்ட்டுக்கே சொல்லிட்டே.”

அவர் உட்கார்ந்தார்.

“உன் பேரை ஏன் சொல்லலன்னு கேக்க வந்தே.”

“இல்ல மா, துக்கம் விசாரிக்க...”

“பொய் சொல்லாதே. உங்கம்மாவும் நானும் ஒரே அடுப்புல ரொட்டி பொரிச்சவங்க. நீ பொய் சொன்னா உன் காது சிவக்கும்னு எனக்குத் தெரியும். ரேடியோவுக்கு எழுதிக் குடுத்தது நான்தான். உன் பேரு இருந்துச்சு. நான்தான் அடிச்சு விட்டேன்.”

“நான் என்ன பண்ணினேன், மா?”

மா பெல்மார் கத்தியை வைத்தாள். “ஒண்ணுமே பண்ணல. அதுதான் புகார். இருபத்தாறு வருஷம் முன்னாடி பிரஷர் உன்கிட்ட ஒரு காகிதம் குடுத்தான். ஞாபகம் இருக்கா? அவங்கப்பா கைப்பட எழுதினது. வீடும் மேட்டு ஜாதிக்காய்த் தோட்டமும் கூடவே இருந்து பாத்துக்கிட்ட அலோய்சியஸுக்குன்னு எழுதி, ரெண்டு சாட்சி போட்ட உயில். அதைக் கோர்ட்டுல பதிவு பண்ணிக் குடுன்னான். நீ என்ன சொன்னே?”

“அடுத்த வாய்தாவுலன்னு...”

“இருபத்தாறு வருஷமா அதையே சொன்னே. சாட்சி ரெண்டு பேரும் செத்துட்டாங்க. ரெண்டு பேர் சாவுக்கும் நீதான் பேசினே. இப்போ பிரஷரோட தம்பி மகன் ரால்ஸ்டன் புரூக்ளின்லேருந்து வந்திருக்கான். உயில் இல்லன்னா இது குடும்ப நிலம், எல்லாருக்கும் பங்குன்றான். தம்பி தங்கச்சி எல்லார் கையெழுத்தும் வாங்கிட்டான். திங்கக்கிழமை ஹோட்டல்காரனுக்கு எழுதிக் குடுக்கப் போறான். செவ்வாக்கிழமை பிளேன் ஏறப் போறான். அப்புறம் எனக்கு மிஞ்சுறது இந்த அடுப்படி அளவு.”

அவள் குரல் அங்கே ஒரு கணம் உடைந்தது. உடனே ஒட்டவைத்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை அடக்கம். பேசுறதுக்கு டாக்டர் நோயல் கேட்டிருக்கான். நீயும் பேசலாம். அந்தக் காகிதத்தைக் கொண்டா, நிகழ்ச்சி நிரல்ல உன் பேரை அச்சடிக்கச் சொல்றேன். கொண்டு வரலன்னா கடைசி வரிசையில நின்னு ‘ஆமென்’ சொல்லிட்டுப் போ.”

மோடஸ்ட் மேட்டிலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய ஓடினார். முப்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு வழக்குக் கட்டைத் தேடி ஓடுகிறார்!

ஒடெட் பெல்மார் கட்டைக் கண்டுபிடித்தபோது மணி மூன்று. ஜன்னல் ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்த கட்டுகளில் அது அடியில் இருந்தது. தூசியை ஊதி, நாடாவை அவிழ்த்தார் மோடஸ்ட். உள்ளே துருப்பிடித்த ஒரு குண்டூசி இருந்தது. வேறொன்றும் இல்லை.

அந்தக் குண்டூசியை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் வெளிறிப்போனதை ஒடெட் கண்டாள்.

“சீஃப்! தண்ணி கொண்டு வரவா?”

“ஒடெட்... தலைமையாசிரியர் நோயல் சாவு என்னைக்கு?”

“இருபத்தாறு வருஷம் ஆச்சு. உங்க முதல் பேச்சு. எங்க அக்கா கல்யாணம்னு நான் அன்னைக்கு லீவு.”

“ஆமா, நீ லீவு. காகிதம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. நேரமாச்சு. மேசை மேல ஒரு பழுப்புக் காகிதம் கெடந்துச்சு. பின்பக்கம் வெறுமையா...” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நல்ல தடிமனான காகிதம், ஒடெட். பேனா வழுக்கிட்டு ஓடிச்சு.”

ஒடெட் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். “அதை மடிச்சு...”

“நாலா மடிச்சு.”

“கர்த்தரே!”

பிரஷரின் அப்பா எழுதிய உயில் இருபத்தாறு வருடமாக இன்னொருவரின் நெஞ்சின் மேல், ஆறடி ஆழத்தில் கிடக்கிறது. அதுவும் யாருடைய நெஞ்சின் மேல்? பல் மருத்துவர் ஜெர்வான் நோயலின் சொந்தத் தாத்தாவின் நெஞ்சின் மேல்!

பிறகு மோடஸ்டின் முகத்தில் அரசியல்வாதி மெல்ல எட்டிப் பார்த்தார்.

“புயல்ல போச்சுன்னு சொன்னா என்ன?”

எங்கள் தீவில் தொலைந்த காகிதம் எல்லாமே பெரும்புயலில் போனதுதான். வரி ரசீது, பள்ளிச் சான்றிதழ், சிலருடைய கல்யாணப் பத்திரம்கூட. யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஒடெட் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “இந்தத் தெருவுலயே கூரை பறக்காத ஒரே வீடு இதுதான், சீஃப். ‘கர்த்தர் மோடஸ்ட்டின் கூரையைத் தொடவில்லை’ன்னு மூணு தேர்தல்ல போஸ்டர் அடிச்சிருக்கோம். கூரை படத்தோட.”

“சரி. கல்லறையைத் தோண்டினா?”

“அதுக்கு நோயல் குடும்பத்துக் கையெழுத்து வேணும். டாக்டர் போடுவாரு. பேண்டு வாத்தியத்தோட வந்து போடுவாரு. தோண்டினாலும் இந்த ஈர மண்ணுல இருபத்தாறு வருஷம். கோட்டுப் பொத்தான் கிடைக்கும்.”

“அப்போ ஒண்ணும் பண்ண முடியாதா?”

“முடியும். வக்கீல் நீங்களா நானா? உயிலை நீங்க படிச்சிருக்கீங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சு, எப்படித் தொலைஞ்சுச்சுன்னு பதிவாளர் முன்னாடி சத்தியம் பண்ணி ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா, ரால்ஸ்டனால திங்கக்கிழமை ஒரு பிடி மண்ணைக்கூட விக்க முடியாது. கேஸ் நிக்கும், மாவும் ஜெயிப்பாங்க.”

“எப்படித் தொலைஞ்சுச்சுன்னும் எழுதணுமா?”

“அதை எழுதலன்னா கோர்ட்டு நம்பாது.”

“தேர்தல் முடிஞ்சு எழுதினா?”

ஒடெட் ஆர்கன் இசைக்கு எழுந்து நிற்பதுபோல் எழுந்து, மெஷினில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிவிட்டு, ஆறு மணிப் பட்டியலுக்குக்கூடக் காத்திராமல் வீட்டுக்குப் போனாள்.

புதன் போயிற்று, வியாழன் பாதி போயிற்று. தாள் மெஷினிலேயே இருந்தது. வியாழக்கிழமை மதியம் வானொலி பிரஷரின் அறிவிப்பை மறுபடியும் வாசித்தது. தபால் வண்டிக்காரன் மறுபடியும் வந்தான், மோடஸ்ட் வரவில்லை. அவர் எழுந்து போய் வானொலியை நிறுத்தினார். அலமாரிக்கு மேல் அவர் தாயின் படம் இருந்தது. அம்மா கழுத்தில் மாவு பூசிய துணி. இந்த மகனுக்காகக் கண் எரிந்தவள், படத்தில் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தாள். அவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அவர் காதைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

அன்று மாலை மோடஸ்ட் தம் கையாலேயே டைப் அடித்தார். ஒற்றை விரலில், இரண்டு மணி நேரம், பதினொரு வரி.

வெள்ளிக்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அசலைக் கொடுத்துவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். படித்து முடித்த பதிவாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போனதை அவர் பார்க்காததுபோல் பார்த்தார்.

மா பெல்மார் கண்ணாடியைத் தேடினாள். கிடைக்கவில்லை. “நீயே படி.”

அவர் படித்தார். அவள் கேட்டாள். அடுப்பில் தேங்காய்ப் பால் கொதித்துப் பொங்கியது. அவள் இறக்கவில்லை.

“இது கோர்ட்டுல செல்லுமா?”

“செல்லும், மா. இனி ரால்ஸ்டன் ஒண்ணும் பண்ண முடியாது.”

“சத்தியமா?”

“என் காதைப் பாருங்க.”

அவள் எழுந்து நின்று பார்த்தாள். சிவக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் பாலை இறக்கினாள்.

“நாளைக்கு நீ பேசு.”

மோடஸ்டின் நெஞ்சு நிறைந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது! பத்திரம் பதிவாளர் அலுவலகத்து இரும்பு அலமாரியில் சத்தமில்லாமல் தூங்கும். நூற்றி அறுபது ஓட்டு லா ஃபோர்ஸ் மேட்டிலிருந்து இறங்கி வரும். “மா, நான் ரொம்ப நாளா ஒரு பேச்சு தயார் பண்ணி...”

“வேற பேச்சு வேண்டாம். இதையே படி.”

“மா?”

“இந்தக் காகிதத்தை. கோவில்ல, எல்லார் முன்னாடியும். ரால்ஸ்டன் முதல் வரிசையில இருப்பான், அவன் காதுலயும் விழட்டும். சாமியார் மூணு நிமிஷம்தான் குடுப்பாரு. இது ரெண்டு நிமிஷம்.”

அவர் வாயைத் திறந்தார். எந்த வாய்தாவும் வரவில்லை.

சனிக்கிழமை செயின்ட் ஆல்பன் கோவிலில் நிற்க இடமில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வட்டாரத்து பஸ் இரண்டு நின்றது. அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் பிரஷர் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் நோயல் முதலில் பேசினார். சுருக்கமாக, பல் மருத்துவம் படித்த கனடாவின் உச்சரிப்பில், பளிச்சென்ற பற்களோடு பேசினார். யாரும் அழவில்லை. எல்லோரும் கைக்குட்டையை மோடஸ்டுக்காக வைத்திருந்தார்கள்.

அவர் எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். முன் வரிசைப் பெண்கள் அதைப் பார்த்தே விம்மத் தொடங்கினார்கள்.

“கார்லைல் அகஸ்டஸ் மோடஸ்ட் ஆகிய நான், வக்கீல், செயின்ட் ஆல்பன் தொகுதி உறுப்பினர், சத்தியம் செய்து சொல்வதாவது...”

விம்மல் பாதியில் நின்றது.

அவர் படித்தார். உயிலில் எழுதியிருந்ததை வரி வரியாக. வீடு, தோட்டம், மேட்டு எல்லையில் நிற்கும் இரண்டு மாமரம். ரால்ஸ்டன் கூலிங் கிளாஸைக் கழற்றினான். அதன்பிறகு ஒன்பதாவது வரி வந்தது. “மேற்படி உயிலின் பின்பக்கத்தில் நான் ஒரு இரங்கல் உரையை எழுதி, அந்த உரையின் முடிவில் அதை மடித்துத் தலைமையாசிரியர் காலஞ்சென்ற நோயல் அவர்களின் சவப்பெட்டியில் வைத்துவிட்டேன். இது முழுக்க முழுக்க என் முட்டாள்தனத்தால் நேர்ந்தது.”

டொமினோ கழகத்தின் வரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார்கள். கிரெகரிதான். அந்தச் சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது. சாமியார் பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள்கள் மட்டும் குலுங்கின.

“எங்க தாத்தா மேலயா?” என்றார் டாக்டர் நோயல். கனடா உச்சரிப்பு அவரைவிட்டுப் போயே போய்விட்டது.

மோடஸ்ட் அழுதுகொண்டிருந்தார். ஆயிரத்து நானூறு சாவுகளில் வலது கண்ணால் மட்டும் அளவாக அழுதவர், அன்று இரண்டு கண்ணாலும் அழுதார். மூக்கும் சேர்ந்துகொண்டது. “பிரஷர், என்னை மன்னிச்சிடு” என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அவருக்குச் சொல் கிடைக்காமல் போனதை ஊர் அன்றுதான் பார்த்தது.

இருபத்தாறு வருடப் பழக்கம் யாரை விட்டது? அவர் கை தானாகக் காகிதத்தை நான்காக மடித்தது. கால் தானாகச் சவப்பெட்டியை நோக்கி நடந்தது.

“வேண்டாம்!” என்று கோவிலே கத்தியது.

மா பெல்மார் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். காகிதத்தைப் பிடுங்கித் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். “போய் உக்காரு” என்றாள்.

அவர் உட்காருவதற்குள் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது: “கவுன்சல்! என் கோழிப்பண்ணைப் பத்திரம் யார் பெட்டியில இருக்கு?”

திங்கட்கிழமை காலை ரால்ஸ்டனின் ஹோட்டல்காரர், வழக்குள்ள நிலம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ரால்ஸ்டன் வந்த வழியே பிளேன் ஏறினான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மோடஸ்டின் வாசலில் மீன் சந்தை வரைக்கும் வரிசை நின்றது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: தங்கள் காகிதம் எந்தக் கல்லறையில்? ஒடெட் தன் சாவுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையும் பிரித்தாள். பதினொரு குண்டூசிகள் காகிதம் இல்லாமல் கிடைத்தன. திருடன் லம்பர்ட்டின் பெட்டிக்குள் ஒருவனுடைய ஜாதிக்காய்த் தோட்டம் முழுக்கப் போயிருந்தது. “உயிரோட இருந்தப்ப காய்தான் எடுத்தான், இப்போ தோட்டத்தையே எடுத்துட்டானா!” என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

டாக்டர் நோயலின் ஒலிபெருக்கி வண்டி மறுநாளே கிளம்பியது. “உங்கள் பத்திரத்தை உயிரோடிருப்பவரிடம் ஒப்படையுங்கள்! நோயலுக்கே வாக்களியுங்கள்!” வண்டி மோடஸ்ட் வாசலில் மட்டும் ஐந்து நிமிடம் நிற்கும். மோடஸ்ட் ஓட்டுக் கேட்டுப் போகவில்லை, அவருக்கு நேரமில்லை. ஒற்றை விரலில் பதினொரு பிரமாணப் பத்திரங்கள் அடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்குக்கூட வாய்தா கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆள் விட்டு விசாரித்தார்.

தேர்தலில் இருநூற்றுப் பதினான்கு ஓட்டில் தோற்றார்.

நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, பன்னிரண்டரை ஆர்கன் இசை முடிந்த நேரத்தில், மா பெல்மார் அவர் அலுவலகத்துக்குள் வந்தாள். ஒரு கையில் சீமைப்பலா, மறு கையில் சிவப்பு முத்திரை வைத்த நீதிமன்றத் தீர்ப்பு. வீடும் தோட்டமும் இரண்டு மாமரமும் அவளுக்கு என்று எழுதியிருந்தது. அவர் ஜெயித்த முதல் வழக்கு.

“உக்காருங்க மா. ஒடெட், கொக்கோ டீ போடு.”

“உக்கார வரல. பஸ் நிக்குது.” பலாவை மேசைமேல் வைத்தாள். “ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். நான் உனக்கு ஓட்டுப் போடல.”

மோடஸ்ட் தலையை ஆட்டினார். “தெரியும், மா.”

“நோயலுக்குப் போட்டேன். என் கடைவாய்ப் பல்லை இலவசமாப் புடுங்கினான். லா ஃபோர்ஸ்ல ஒருத்தரும் உனக்குப் போடல. உன் முகத்துக்கு நேரா ஒருத்தராவது சொல்லணும்ல? அதான்.”

“நன்றி, மா.” அவர் அதை மனதாரச் சொன்னார் என்று ஒடெட் பிற்பாடு எல்லோரிடமும் சத்தியம் செய்தாள்.

மா பெல்மார் கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

“இன்னொண்ணு. நான் போற அன்னைக்கு ரேடியோவுல உன் பேரு வரும். எழுதி வெச்சுட்டேன். தபால் வண்டிக்காரனுக்கு முன்னாடி. நீதான் பேசணும், கார்லைல்.”

அவர் எழுந்தார். “மா, நம்ம மண்ணோட...”

“மரம் கிரம்னு ஆரம்பிச்சே, பெட்டியிலேருந்து எழுந்து வருவேன். கையில காகிதமே இருக்கக் கூடாது. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுத்தான் நீ பக்கத்துல வரணும். ஒடெட், நீ சோதனை போட்டு அனுப்பு.”

“சரி, மா” என்றாள் ஒடெட்.

வெளியே ‘நோ பிரேக்ஸ்’ ஹாரன் அடித்தது. மோடஸ்ட் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். அவள் ஒன்றை, பிறகு மற்றதைக் கூர்ந்து பார்த்தாள். திருப்தியானதும் வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தினாள்.